வாசகர் கேள்விகள்: மதுக்கிடங்கின் மேல் ஒரு நாடக மேடை

இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள ரிச்மண்ட் என்ற சிற்றூரில் 1788-இல் கட்டப்பட்ட நாடக அரங்கு ஒன்று நூறாண்டுக்கும் மேல் மூடிக் கிடந்தபின் 1963-இல் மறுபடி திறக்கப்பட்டு இன்றும் இயங்கி வருவதைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: லண்டனிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும் ஒரு சந்தை ஊருக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே தனி நாடக அரங்கு எதற்கு? அதைத் தாங்கும் அளவுக்கு அங்கே பார்வையாளர்கள் இருந்தார்களா?

பதில்: ஆண்டு முழுவதும் அரங்கை நிரப்பும் அளவுக்கு ரிச்மண்டில் ஆட்கள் இருந்ததில்லை, அப்படி நிரப்ப வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அரங்கைக் கட்டிய சாமுவேல் பட்லர் தாமே நடிகர், ஒரு நாடகக் குழுவின் தலைவரும்கூட. அவருடைய குழு ஹாரகேட், கெண்டல், ரிப்பன், நார்தாலர்டன், பெவர்லி முதலிய ஊர்களுக்கு முறைவைத்துச் சென்று, ஒவ்வோர் ஊரிலும் சில வாரங்கள் தங்கி, குதிரைப் பந்தயமோ சந்தையோ நடந்து கூட்டம் சேரும் நாட்களைப் பார்த்து நாடகம் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். இப்படி ஓர் அரங்கின் செலவைப் பல ஊர்களின் வருமானம் சேர்ந்து தாங்கியது.

1788 என்ற ஆண்டுக்கும் ஒரு காரணம் உண்டு. 1737-ஆம் ஆண்டின் சட்டம், வசன நாடகம் நடத்தும் உரிமையை அரசரின் ஆணைப் பத்திரம் பெற்ற ஓரிரு அரங்குகளுக்கு மட்டுமே தந்திருந்தது. மற்ற ஊர்களின் குழுக்கள் சட்டத்துக்கு ஒளிந்து ஒளிந்தே பிழைத்தன. இசைக் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு விற்றுவிட்டு, கச்சேரியின் இரு பகுதிகளுக்கு நடுவே நாடகத்தை இலவசமாகக் காட்டுவது அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று. 1788-இல் வந்த புதிய சட்டம், குறிப்பிட்ட நாட்களுக்கு நாடகம் நடத்த உள்ளூர் நீதிபதிகளே உரிமம் தரலாம் என்றது. பட்லரின் அரங்கு அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. கொட்டகையிலும் விடுதி முற்றத்திலும் நடித்துவந்த குழு ஒன்று, இனி நம்மை யாரும் விரட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை பிறந்ததும் கல்லும் மரமும் வாங்கிக் கட்டிய வீடு அது. அரங்கின் அழகைவிட இந்தச் செய்தியே என்னை எப்போதும் நெகிழவைக்கிறது.

கேள்வி: 1788-இல் கட்டியது எப்படித் தப்பியது? அக்காலத்து அரங்குகள் பெரும்பாலும் தீயில் அழிந்துவிட்டதாகப் படித்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் படித்தது உண்மை. லண்டனின் புகழ்பெற்ற அரங்குகளான கோவன்ட் கார்டன் 1808-லும் ட்ரூரி லேன் 1809-லும் எரிந்து போயின. மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும், பின்னர் எரிவாயுச் சுடரும் எரிகின்ற இடத்தில், வண்ணம் பூசிய துணியையும் காய்ந்த மரத்தையும் நெருக்கமாக நிறுத்தி வைத்தால் தீப்பிடிக்காமல் இருப்பதுதான் அதிசயம். தீக்குத் தப்பிய அரங்குகளும் வளத்துக்குத் தப்பவில்லை. வருமானம் பெருகிய ஊர்களில் பழைய அரங்கை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். அல்லது உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிப் புதுப்பாணியில் மாற்றினார்கள்.

ரிச்மண்டைக் காப்பாற்றியது அதன் ஏழ்மை என்றே சொல்வேன். 1812-இல் பட்லர் இறந்தார். 1830 வாக்கில் அவர் குடும்பம் குத்தகையைக் கைவிட்டது. நாடகங்கள் அருகி, 1848-இல் கட்டடம் ஏலக்கூடமாயிற்று. மேடைக்கு முன்னே பார்வையாளர் அமரத் தாழ்வாக இருந்த குழிப்பகுதியின் மேல் பலகை பரப்பித் தரையாக்கினார்கள். அதற்கடியில் மதுக்கிடங்கு கட்டினார்கள். பிறகு அது தானியக் கிடங்காகவும் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் சேகரித்து வைக்கும் இடமாகவும் இருந்திருக்கிறது. ஏலம் விடுகிறவருக்கும் மூட்டை அடுக்குகிறவருக்கும் வேண்டியது கூரையும் நான்கு சுவர்களும் மட்டுமே. மூன்று பக்கமும் சூழ்ந்திருந்த, தடுப்புகளால் பிரித்த பெட்டி இருக்கைகளையும் மேலே இருந்த காலரி என்ற மாடி இருக்கைப் பகுதியையும் இடிக்கச் செலவாகும், இடித்தால் வரவு ஒன்றுமில்லை, ஆகவே விட்டுவிட்டார்கள். அதே சமயம், உள்ளே பொருள் இருந்ததால் கூரை ஒழுகாமலும் பார்த்துக்கொண்டார்கள். முற்றிலும் கைவிடப்பட்டிருந்தால் மழை முடித்திருக்கும். நல்ல விலை கிடைத்திருந்தால் கடப்பாரை முடித்திருக்கும்.

இதே கதை சஃபோக் மாவட்டத்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரிலும் நடந்தது. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தை வடிவமைத்த வில்லியம் வில்கின்ஸ் 1819-இல் அங்கே கட்டிய அரங்கு 1925-இல் மூடப்பட்டது. உரிமையாளர் ஒரு பீர் நிறுவனத்தார். அவர்கள் அதில் பீப்பாய்களை அடுக்கி வைத்தார்கள். 1965-இல் நாடகம் திரும்பி வந்தது. 2005 முதல் 2007 வரை நடந்த பணியில் அதன் பழைய வடிவம் மீட்கப்பட்டது.

கேள்வி: மூடிக் கிடந்த இடத்தில் அரங்கு இருக்கிறது என்பதை யார் கண்டுபிடித்தார்கள்?

பதில்: ஊர்க்காரர்கள் மறந்துவிடவில்லை என்பதே சரி. 1943-இல், போர் நடுவிலேயே, ஊரின் பழைய உரிமைப் பட்டயத்தின் ஆண்டு நிறைவை ஒட்டி அங்கே ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். காகிதக் கட்டுகளுக்கு நடுவே நின்று பார்த்தபோது தங்களிடம் இருப்பது என்னவென்று பலருக்கும் புரிந்தது. 1960-இல் அறக்கட்டளை ஒன்று அமைந்தது, நிதி திரட்டினார்கள், 1963-இல் கதவு திறந்தது. ஊர்மக்களின் தன்னார்வ உழைப்பில்தான் அரங்கு அன்று மீண்டது, இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

கேள்வி: நான் கட்டடக்கலை மாணவி. நூறாண்டுக்கு முன் இருந்த நிறத்தையும் அமைப்பையும் சரியாக அப்படியே மீட்டதாகச் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? கற்பனையும் கலந்திருக்கும் அல்லவா?

பதில்: மிக நல்ல கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நிறம். பழைய மரப்பலகையின் மூலை ஒன்றிலிருந்து, கைகள் அதிகம் படாத இடமாகப் பார்த்து, அரிசி மணியளவு பூச்சுச் செதிலைக் கூரிய கத்தியால் பெயர்த்தெடுப்பார்கள். மரம் வரைக்கும் இறங்கி எடுத்தால்தான் அது பயன்படும். அதைத் தெளிந்த பிசினில் பதித்து, இறுகியபின் குறுக்கே அறுத்து, கண்ணாடிபோல் மெருகேற்றி நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், ஆற்றங்கரை மண்ணடுக்கைப்போல் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அடியில் மரத்தை ஒட்டி முதல் பூச்சு. மேலே போகப் போகப் பிந்தைய காலம். இரண்டு பூச்சுகளுக்கு நடுவே மெல்லிய கருங்கோடு ஒன்று தெரிந்தால் அது புகைக்கரியும் அழுக்கும். அதாவது அந்தப் பூச்சு பல ஆண்டுகள் வெளியே தெரியும்படி இருந்திருக்கிறது. அழுக்குக்கோடு இல்லாமல் இரண்டு பூச்சுகள் ஒட்டியிருந்தால், முன்னது வெறும் அடிப்பூச்சு என்று கொள்ளலாம்.

காலத்தை நிறப்பொருளே சொல்லிவிடும். பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. மரகதப் பச்சை எனப்படும் ஆர்செனிக் கலந்த பச்சை 1814-இல் விற்பனைக்கு வந்தது. செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1828-ஐ ஒட்டியது. டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போருக்குப் பிந்தையது. ஆகவே ஓர் அடுக்கில் டைட்டானியம் இருந்தால், அதைப் பட்லர் பார்த்திருக்க வழியே இல்லை. இந்த அளவுக்கு உறுதியாகப் பேச முடிவதால்தான் நிறத்தைக் குறித்து வல்லுநர்களிடையே சண்டை குறைவு.

அமைப்பைக் கண்டறிவது இதைவிடக் கடினம். பலகையில் அடைக்கப்பட்ட ஆணித்துளைகள், சுவரில் உத்தரம் செருகியிருந்த பொந்துகள், தூணில் கைப்பிடி இணைந்திருந்த வடு, படி தேய்ந்திருக்கும் பக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அளந்து வரைபடத்தில் குறித்துப் பார்த்துத்தான், இங்கே கதவு இருந்தது, இங்கே பெஞ்சு இருந்தது என்ற முடிவுக்கு வருவார்கள். ரிச்மண்டில் குழிப்பகுதி மதுக்கிடங்கால் கெட்டுப்போயிருந்ததால் அதைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. பெட்டி இருக்கைகளும் காலரியும் மூலத்தின்படியே இருந்தன. எது பழையது, எது புதியது என்பதை ஒளிக்காமல் சொல்வதையே நேர்மையான மீட்பு என்பேன்.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. 1877-இல் வில்லியம் மாரிஸும் அவர் நண்பர்களும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, மீட்கிறோம் என்ற பெயரில் தேவாலயங்களைச் சுரண்டிப் புதிதாக்குவதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பழுது பாருங்கள், பழமையைப் புனையாதீர்கள் என்பது அவர்கள் கருத்து. பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பது குறித்து 1964-இல் உருவான பன்னாட்டு விதித்தொகுப்பான வெனிஸ் சாசனத்தின் 9ஆம் பிரிவு இதையே விதியாக்கி, ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப்பணி நின்றுவிட வேண்டும் என்கிறது. உங்கள் படிப்புக்காலத்தில் மனத்தில் பதியவேண்டிய வரி இது. சான்று இல்லாத இடத்தில் வெறுமையான சுவரை வெறுமையாகவே விடுவதற்கு, அலங்காரம் செய்வதைவிட அதிகத் துணிவு வேண்டும்.

கேள்வி: அன்றைய பார்வையாளர் உள்ளே நுழைந்ததும் என்ன பார்த்திருப்பார்?

பதில்: வாசலில் ஒரு சிறிய கட்டணச் சாளரம், ஒருவர் நுழையும் அளவே வழி. ரிச்மண்டில் அது இன்றும் இருக்கிறது. உள்ளே போனால் இருட்டு இல்லை என்பதே இன்றைய பார்வையாளருக்கு முதல் வியப்பாக இருக்கும். மெழுகுவத்திகளை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. ஆகவே நாடகம் முடியும்வரை மேடையும் பார்வையாளர் பகுதியும் ஒரே மங்கிய ஒளியில் இருந்தன. நடிகர் பார்வையாளர் முகத்தைப் பார்த்தே பேசினார். பார்வையாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டி இருக்கைகளில் வசதி படைத்தவர்கள், குழியில் முதுகுச்சாய்வு இல்லாத பெஞ்சுகளில் நடுத்தரத்தார், மேலே காலரியில் வேலையாட்களும் ஏழைகளும். காலரியின் முன்பக்கத்தில் கால்படும் உயரத்தில் பலகை அடித்திருக்கிறார்கள். நடிப்புப் பிடிக்காவிட்டால் அந்தப் பலகையை உதைத்துத் தெரிவிப்பது வழக்கம். நுணுக்கமாகச் செதுக்கிய எந்தச் சிற்பத்தைவிடவும், உதை வாங்கிய அந்தப் பலகைதான் அன்றைய மக்களை என் கண்முன் நிறுத்துகிறது. எட்மண்ட் கீன் போன்ற பெருநடிகரும் நடித்த மேடை அது. கீழே அவ்வளவு அருகில் இருந்து அவரைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கேள்வி: பழைய கட்டடத்தில் நூறு பேரை அமர்த்துவது ஆபத்து இல்லையா? இதற்குச் செலவிடும் பணத்தில் புதிய, பாதுகாப்பான அரங்கையே கட்டிவிடலாமே?

பதில்: இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்போம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, வயது மட்டுமே காரணமாக இருந்ததில்லை. 1887 செப்டம்பரில் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் அரங்கில் 186 பேர் தீயில் மாண்டார்கள். அது கட்டி முடித்து ஓராண்டேயான அரங்கு. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவாய் அரங்கில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அது திறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. எக்ஸெட்டரில் காலரியிலிருந்து வெளியேற வழி போதவில்லை. சிகாகோவில் கதவுகள் திறக்கவில்லை, தீத்தடுப்புத் திரை முழுதாக இறங்கவில்லை. வெளியேறும் வழிதான் உயிரைக் காக்கிறது என்பதை இவ்விரண்டும் உலகத்துக்குக் கற்றுத்தந்தன. ஆகவே பழைய அரங்கை மீட்கும்போது முதலில் இருக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். ரிச்மண்டில் அன்று ஏறத்தாழ 400 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த இடத்தில் இன்று அனுமதிக்கப்படுவோர் கிட்டத்தட்டப் பாதிதான். மெழுகுவத்திக்குப் பதில் மின்விளக்கு எரிகிறது.

ஆனால் வயது கொண்டுவரும் ஆபத்து ஒன்று உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அரங்குகளின் விதானங்களை நார்ச்சாந்தால் செய்தார்கள். சணல் துணியைச் சாந்தில் தோய்த்து மரச்சட்டத்தில் வார்த்து, அதே சணல் துணிக் கட்டுகளால் மேலேயுள்ள கூரைச்சட்டத்தில் தொங்கவிடுவது முறை. கீழிருந்து பார்த்தால் விதானம் புதிதுபோல் இருக்கும். மேலே அதைத் தாங்கும் சணல் இற்றுப்போயிருக்கும். 1901-இல் திறந்த லண்டன் அப்போலோ அரங்கில் 2013 டிசம்பரில், நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே விதானத்தின் ஒரு பகுதி சரிந்து 70-க்கும் மேற்பட்டோர் காயமடைந்ததற்கு இந்தச் சணல் கட்டுகள் நைந்ததே காரணம். பழைய அரங்கின் நலம் விரும்புகிறவர் அதன் முகப்பைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், கைவிளக்கோடு விதானத்தின் மேற்புறம் ஏறிப் பார்க்க வேண்டும்.

இனிச் செலவு. மேடையிலிருந்து கடைசி இருக்கை வரைக்கும் நடிகரின் புருவ அசைவு தெரியும் நெருக்கமும், ஒலிபெருக்கி இல்லாமல் மெல்லிய குரலும் கேட்கும் மரச்சுவர்களும் புதிய விதிகளின்படி கட்டும் அரங்கில் எளிதில் அமைவதில்லை. இன்று யாரும் அப்படிக் கட்ட அனுமதி பெறவும் முடியாது. இருப்பதை இழந்தால் அந்த அனுபவமே போய்விடும். கழிப்பறை, மின்தூக்கி, நடிகர் அறை போன்றவற்றுக்கு வழி என்ன என்று கேட்டால், 2003-இல் முடிந்த ரிச்மண்டின் இரண்டாம் கட்டப் பணியே விடை: அவற்றைப் பக்கத்தில் எழுப்பிய புதிய பகுதியில் வைத்துவிட்டார்கள். பழைய உடலைக் கீறாமல் அருகே புதியதைச் சேர்க்கும் இந்த முறையே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: இவ்வளவு அரிய அரங்கில் தொடர்ந்து நாடகம் போட்டால் தேய்ந்துவிடாதா? அருங்காட்சியகமாக வைத்துவிடலாம் அல்லவா?

பதில்: தேயத்தான் செய்யும். எவ்வளவு தேய்மானத்தை ஏற்பது என்பதில் ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு முடிவு எடுத்திருக்கிறது. செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவ் கோட்டை அரங்கு 1766-இல் இன்றைய வடிவம் பெற்றது. மேடைப்பொறிகள், படுதாக்கள், உடைகள்கூட எஞ்சியிருப்பதால் அங்கே நாடகத்தை மிக அரிதாகவே அனுமதிக்கிறார்கள், பெரும்பாலும் சுற்றிக்காட்டுவதோடு சரி. அதே 1766-இல் கட்டிய ஸ்வீடனின் ட்ரோட்னிங்ஹோல்ம் அரங்கு நூற்றாண்டுக்கும் மேல் மறக்கப்பட்டு, 1921-இல் ஆக்னே பேயர் என்ற ஆய்வாளர் கண்ணில் பட்டது. கயிறுகளை மாற்றி, மின்விளக்கு போட்டு, மறு ஆண்டே மேடையேற்றினார்கள். மூலப்பொறிகளைக்கொண்டே இன்றும் கோடைகாலத்தில் இசைநாடகம் நடக்கிறது. எஞ்சியிருக்கும் துணியும் பொறியும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறைவாகப் பயன்படுத்துங்கள் என்பது என் கருத்து. ரிச்மண்டைப்போல் கட்டடமே முதன்மையாக எஞ்சிய இடத்தில், நாடகம் நடக்காத அரங்கு விரைவில் கவனிப்பாரற்றுப் போகும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய நாடக அரங்கு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் சிலர் சேர்ந்து அதைக் காக்க விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கூரையிலிருந்து. வண்ணம், இருக்கை, திரை எல்லாம் பத்தாண்டு காத்திருக்கும். ஒழுகும் கூரை ஒரு மழைக்காலத்துக்குக்கூடக் காத்திராது. ஓடு விலகியிருந்தால் சரிசெய்யுங்கள், அடைந்த தூம்புகளைச் சுத்தம் செய்யுங்கள், காற்றோட்டத்துக்குச் சாளரங்களைச் சற்றே திறந்து வையுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்டால் சிமெண்டு வைத்து அடைக்காதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிட, சுவர் உள்ளுக்குள் உளுத்துப்போகும். உப்பு பூத்து அடிச்சுவர் உதிர்ந்த பல கட்டடங்களில் குற்றவாளி, நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்டுதான்.

அடுத்து, எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் ஒளிப்படம் எடுத்து, அளந்து, எழுதி வையுங்கள். பின்னர் பொறியாளரை அழையுங்கள். நிதி திரட்டும்போது, திறந்தபின் ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவையும் கணக்கில் சேருங்கள். திறப்புவிழாவுக்குப் பின் மூன்றாம் ஆண்டில் மறுபடி பூட்டிய அரங்குகள் பல. பிரிட்டனில் 1976-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அரங்குகளுக்கென்றே தனி அறக்கட்டளை அமைந்தது. அரங்குகளைப் பாதிக்கும் கட்டுமான விண்ணப்பங்களில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும். உங்கள் நாட்டின் மரபுச்சின்னச் சட்டத்தில் இதற்கு இணையான இடம் எது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்; இடிப்பு விண்ணப்பம் போனபின் விசாரிப்பதில் பயனில்லை.

இன்னும் ஒன்று. சுத்தம் செய்யும் ஆர்வத்தில் பரணையும் மேடையின் அடிப்பகுதியையும் ஒரே நாளில் காலி செய்துவிடாதீர்கள். கிழிந்த துணிச்சுருள், எழுத்து மங்கிய சுவரொட்டி, கயிறு சுற்றிய உருளை, பலகைத் துண்டு ஒவ்வொன்றுக்கும் கிடைத்த இடத்தைக் குறித்துச் சீட்டுக் கட்டி ஓர் உலர்ந்த அறையில் வையுங்கள். ரிச்மண்டில் இன்று கண்ணாடிக்குப் பின்னால் காக்கப்படும் காட்டுக்காட்சிப் படுதா, 1818-க்கும் 1836-க்கும் இடையே தீட்டப்பட்டது, பிரிட்டனில் எஞ்சியிருக்கும் மேடைக்காட்சிகளிலேயே பழமையானது. அதுவும் ஒரு காலத்தில் யாரோ வீசியெறியாமல் விட்டுவைத்த பழைய துணியாகத்தான் இருந்தது.